கார்செட்டைக் கழற்றச் சொன்ன பிரசங்கியார் மகள்

இன்ஸ்டாவில் ஸ்க்ரோல் பண்ணும்போது சில சமயம் இப்படி ஒரு ரீல் வரும். அமெரிக்காவில் எங்கோ ஒரு பெண், யோகா மேட் பக்கத்தில் பைபிளைத் திறந்து வைத்துவிட்டு ஸ்க்வாட் அடிப்பார். உடம்பு கோயில் மாதிரி, அதைப் பாழாக்குவது கொடுத்தவருக்குச் செய்யும் அவமரியாதை என்பார். 30 நாள் ஜெபம், 30 நாள் பிளாங்க், ரெண்டும் சேர்த்து ஒரே பேக்கேஜ். முதல் தடவை பார்த்தபோது, இது என்னடா புது பிசினஸ் என்றுதான் தோன்றியது. கொஞ்சம் தேடிப் படித்தால், புதுசெல்லாம் இல்லை. கிட்டத்தட்ட 200 வருஷப் பழசு. அதைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு பிரசங்கியாரின் மூத்த மகள். ஃபிட்னஸ் போஸ்டருக்குக் கொஞ்சமும் பொருந்தாத, வாழ்க்கையில் பாதி நாள் படுக்கையில் கிடந்த ஒரு டீச்சர். பெயர் கேத்தரின் பீச்சர்.

பீச்சர் என்ற பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? அடிமை முறைக்கு எதிராக 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் அக்காதான் இவர். தங்கைக்கு உலகப் புகழ் வந்ததில் அக்காவை நாம் மறந்துவிட்டோம். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்க வீடுகளில் அக்கா எழுதிய புத்தகமும் சமையலறை அலமாரியில் இருந்தது.

கேத்தரின் பிறந்தது 1800 செப்டம்பர் 6, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், ஈஸ்ட் ஹாம்ப்டன் என்ற கடலோர ஊரில். அப்பா லைமன் பீச்சர், அந்தக் காலத்தின் மிகப் பெரிய பிரசங்கிகளில் ஒருவர். கேத்தரினுக்குப் பத்து வயதாகும்போது குடும்பம் கனெக்டிகட் மாநிலத்தின் லிட்ச்ஃபீல்டுக்கு மாறியது. அங்கே சாரா பியர்ஸ் நடத்திய பெண்கள் பள்ளியில் படித்தார். படிப்பில் பெரிய ஆர்வம் கிடையாது. கவிதை, நாடகம், கேலி, கிண்டல் என்று வீட்டையே கலகலப்பாக வைத்திருந்த பெண். 16 வயதில் அம்மா ரொக்ஸானா காசநோயில் இறந்து போனார். அதோடு விளையாட்டுத்தனம் முடிந்தது. வரிசையாக நின்ற தம்பி தங்கைகளுக்குச் சட்டை தைப்பது, சோறு போடுவது எல்லாம் மூத்தவள் தலையில். மூத்த பிள்ளையாகப் பிறந்தவங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். லைமன் பீச்சருக்குத் தீராத அஜீரணக் கோளாறு. நரம்பெல்லாம் முறுக்கேறிய மனிதர். உடம்பை அசைக்காமல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் பிரசங்கம் வராது என்று அனுபவத்தில் கண்டுகொண்டவர். பின்னாளில் பாஸ்டனில் ஊழியம் செய்தபோது வீட்டு நிலவறையில் ஒரு லோடு மணலைக் கொட்டி வைத்திருந்தார். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மண்வெட்டியால் அள்ளிப் போடுவார். முடிந்ததும் அந்த மூலையிலிருந்து திரும்ப இங்கே. வேறு எந்தப் பயனும் இல்லை, சுத்தமான வொர்க்அவுட்! ஆக, விசுவாசமும் உடற்பயிற்சியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம் என்பதை அந்தக் குடும்பம் ஏற்கெனவே பார்த்திருந்தது. ஒரே வித்தியாசம், மணல் அள்ளியது ஆண். மகள்கள் மேல்மாடியில் தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீட்டில் அஜீரணத்தைவிடப் பெரிய கவலை இரட்சிப்பு. மனிதன் பாவத்தோடு பிறக்கிறான், உள்ளத்தில் நேரடியாக உணரக்கூடிய ஒரு மனமாற்றம் நடந்தால்தான் அவனுக்கு மீட்பு, இல்லையென்றால் நரகம். இதுதான் கால்வின் வழிவந்த சபைகளின் போதனை. நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது. அந்த அனுபவம் வர வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்துவிட்டதா என்று அப்பா கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டே இருப்பார். கேத்தரினுக்கு வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. தன்னைப் பாவி என்று மனசார உணர முடியவில்லை என்பதே அவருக்குக் குற்ற உணர்வானது.

அந்தச் சமயத்தில்தான் அலெக்ஸாண்டர் ஃபிஷர் வந்தார். யேல் கல்லூரியில் கணிதமும் இயற்கைத் தத்துவமும் கற்பித்த பேராசிரியர், நம்ம பாஷையில் மேத்ஸும் ஃபிசிக்ஸும். 30 வயதுகூட ஆகவில்லை. ஒரு பத்திரிகையில் கேத்தரின் எழுதிய கவிதையைப் படித்துவிட்டு, எழுதியவரைத் தேடி வந்தவர். 1822 தொடக்கத்தில் நிச்சயதார்த்தம் ஆனது. ஐரோப்பாவில் அறிஞர்களைப் பார்த்துவிட்டு வந்து கல்யாணம் என்று திட்டம். ஏப்ரல் 1ஆம் தேதி நியூயார்க்கில் 'ஆல்பியன்' என்ற கப்பலில் ஏறினார். ஏப்ரல் 22ஆம் தேதி அந்தக் கப்பல் அயர்லாந்துக் கடலோரப் பாறைகளில் மோதி உடைந்தது. பிழைத்தவர்கள் சிலரே. அவர்களில் ஃபிஷர் இல்லை.

துக்கம் ஒரு பக்கம். அதைவிடக் கொடுமையானது அடுத்து வந்த கேள்வி. ஃபிஷருக்கும் அந்த மனமாற்ற அனுபவம் வந்திருக்கவில்லை. அப்படியென்றால் அவர் இப்போது எங்கே? அப்பாவின் ஆறுதல் கடிதத்தில்கூட அந்தச் சந்தேகம் ஒளிந்திருந்தது. கேத்தரின் கிளம்பி மாசசூசெட்ஸில் ஃபிஷரின் பெற்றோர் வீட்டுக்குப் போய்ப் பல மாதங்கள் தங்கினார். அவருடைய காகிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தார். அதில் தெரிந்த விஷயம் அவரை உலுக்கிவிட்டது. அந்த நல்ல மனிதர் வருஷக்கணக்காக அதே அனுபவத்துக்காகத் தவித்திருக்கிறார், தன்னையே வதைத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கும் அது கிடைக்கவே இல்லை.

இவ்வளவு நேர்மையான ஒருவரை, ஒரு உணர்ச்சி வரவில்லை என்பதற்காக எரிகிற நெருப்பில் போடுகிற கடவுளை நம்ப கேத்தரினால் முடியவில்லை. கடவுளை விடவும் முடியவில்லை. அப்பாவோடும் தம்பி எட்வர்டோடும் கடிதங்களில் நீண்ட வாக்குவாதம். நாத்திகம் பக்கம் அவர் போகவில்லை. மெல்ல மெல்ல வேறொரு இடத்துக்கு வந்து சேர்ந்தார். கடவுளின் சித்தம் ஒரு நாள் இரவில் நெஞ்சுக்குள் வரும் பரவசத்தில் மட்டுமா இருக்கிறது? அவர் படைத்த உலகத்தின் விதிகளிலும் அது எழுதியிருக்கிறதே. அந்த விதிகளைக் கற்றுக்கொண்டு, அன்றாடம் பழக்கத்தால் கீழ்ப்படிவதும் பக்திதான். இந்த எண்ணம் முழு இறையியலாக அச்சில் வர இன்னும் 35 வருஷம் ஆனது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அது உடனே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

ஃபிஷர் தன் உயிலில் அவருக்கு 2,000 டாலர் எழுதி வைத்திருந்தார். 1823 மே மாதம், தங்கை மேரியோடு சேர்ந்து ஹார்ட்ஃபோர்டு நகரில் குதிரைச் சேணம் விற்கும் கடையின் மாடியில் ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார் கேத்தரின். மாணவிகள் 7 பேர். லத்தீன் பாடத்தைத் தம்பி எட்வர்டிடம் கற்றுக்கொண்டே மாணவிகளுக்கு நடத்தினார். (யூனிட் டெஸ்டுக்கு முந்தின நாள் ஜூனியருக்கு டவுட் சொல்லிக் கொடுத்த அனுபவம் உள்ளவங்களுக்குப் புரியும்.) சில வருஷத்தில் மாணவிகள் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. சொந்தக் கட்டடம் கட்டப் பணம் கேட்டபோது ஊர்ப் பெரியவர்கள் தயங்கினார்கள். ஊர்ப் பெண்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். 1827இல் ஹார்ட்ஃபோர்டு ஃபீமேல் செமினரி சொந்தக் கட்டடத்துக்குப் போனது.

அந்தப் பள்ளியில்தான் பயிற்சி வந்தது.

அன்றைய நடுத்தர, பணக்கார வீட்டுப் பெண்ணின் உடம்பை ஒரு நிமிஷம் கற்பனை செய்யுங்க. திமிங்கல எலும்புப் பட்டைகள் வைத்துத் தைத்த கார்செட். இடுப்பு ஒல்லியாகத் தெரிய அதன் நாடாவை இழுத்து இறுக்குவார்கள். கீழே அடுக்கடுக்காகப் பாவாடைகள், அத்தனை எடையும் இடுப்பிலேயே தொங்கும். வெளியில் ஓடக் கூடாது. பள்ளியில் முதுகு சாய்க்க இடமில்லாத பெஞ்சில் மணிக்கணக்காக உட்கார வேண்டும். வெளுத்த முகமும் அடிக்கடி வரும் மயக்கமும் பெண்மைக்கு அழகு என்று நம்பிய காலம். இதனால் முதுகெலும்பு வளைந்த பெண்களை கேத்தரின் தன் வகுப்பிலேயே பார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பெண்மணி, பயிற்சிகளால் தன் கோணல் முதுகை நிமிர்த்திக்கொண்டவர், அந்தப் பயிற்சிகளை மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். கேத்தரின் அதைப் பிடித்துக்கொண்டார்.

கலிஸ்தெனிக்ஸ் என்ற சொல்லைப் பிரித்தால் கிரேக்கத்தில் அழகு, வலிமை என்று இரண்டு பகுதி. கருவி எதுவும் வேண்டாம், தனி மைதானம் வேண்டாம். வகுப்பறையில் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று செய்யலாம். கைகளை உயர்த்துதல், விரித்தல், முதுகை நிமிர்த்துதல், கால்களை மாற்றி மாற்றி வைத்தல், அணிவகுத்து நடத்தல். எல்லாம் இசைக்கு ஏற்றபடி. பியானோ வாசித்தால் இன்னும் நல்லது. நம்ம ஸ்கூலில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு செய்த மாஸ் டிரில் ஞாபகம் வருதா? கிட்டத்தட்ட அதே ஜாதி.

இசை ஏன் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பக்தியுள்ள குடும்பங்களில் நடனம் பாவம். ஆனால் இளம் பெண்களின் உடம்பு ஆடத்தான் செய்யும். கலிஸ்தெனிக்ஸ் நடனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று கேத்தரின் பெற்றோர்களிடம் வாதாடினார். ராத்திரி விருந்து இல்லை, ஆண் ஜோடி இல்லை, மது இல்லை. அசைவும் தாளமும் சந்தோஷமும் மட்டும். சபையின் கோபத்தைக் கிளறாமல் பெண்களை ஆட வைத்துவிட்டார் என்றுகூடச் சொல்லலாம். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ரூல் புக்கை எதிர்த்துக் கத்தாமல், ரூல் புக்குக்கு உள்ளேயே ஒரு ஜன்னலைத் திறக்கிற வேலை இது.

ஆனால் அவருடைய சொந்த உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1829இல் நரம்புத் தளர்ச்சியில் விழுந்தார். தங்கை ஹாரியட்டும் மற்ற ஆசிரியைகளும் பள்ளியைப் பார்த்துக்கொண்டார்கள். 1831இல் பள்ளியை விட்டு விலகினார். அடுத்த வருஷம் அப்பாவோடு மேற்கே சின்சினாட்டிக்குப் போய் அங்கே இன்னொரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். அது சில வருஷத்திலேயே மூடப்பட்டது. அதற்குப் பிறகு நிலையாக ஓர் ஊரில் அவர் தங்கவே இல்லை. மேற்கு மாநிலங்களுக்குப் பெண் ஆசிரியர்களை அனுப்புவதற்காக ஊர் ஊராக நிதி திரட்டினார். ஆண்களும் கலந்திருக்கும் கூட்டத்தில் பெண் பேசுவது அப்போது அநாகரிகம். எனவே அவர் எழுதிய உரையைத் தங்கை கணவரோ தம்பியோ வாசிப்பார்கள். எழுதியவர் மேடையோரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்!

1841இல் வெளிவந்தது 'எ ட்ரீட்டிஸ் ஆன் டொமஸ்டிக் எகானமி'. வீட்டு நிர்வாக நூல் என்றால் ஊறுகாய்க் குறிப்பு என்று நினைக்காதீங்க. எலும்பு, தசை, ரத்த ஓட்டம், நரம்பு, செரிமானம் எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கும் புத்தகம் அது. கார்செட் விலா எலும்புகளை எப்படி நெரிக்கிறது, நுரையீரலுக்கு எப்படி இடம் இல்லாமல் போகிறது, பாவாடை எடையை ஏன் தோளிலிருந்து தொங்கவிட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. காபி, டீயைக் குறைக்கச் சொன்னார். அதிகாலையில் எழச் சொன்னார், குளிக்கச் சொன்னார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார். வீடு கூட்டுவது, துணி துவைப்பதுகூட நல்ல பயிற்சி என்று பணக்காரப் பெண்களுக்குச் சொன்னார். ஜிம்முக்குப் போறேன்னு சொன்னா இந்த வீட்டைக் கூட்டு போதும் என்கிற அம்மாக்களுக்கு அமெரிக்காவில் ஒரு முன்னோடி இருக்கிறார்! புத்தகம் 15 வருஷம் கிட்டத்தட்ட ஆண்டுதோறும் மறு அச்சு கண்டது. பெண்கள் தங்கள் உடம்பைப் படமாகப் பார்ப்பதே வெட்கம் என்றிருந்த காலத்தில், இந்த இயந்திரத்தைச் செய்தவர் கடவுள், அதைத் தெரிந்துகொள்வதில் என்ன வெட்கம் என்ற தொனியில் அது பேசியது.

இடையில் அவருக்குச் சயாட்டிகா வலி, நரம்புக் கோளாறு, எழுத முடியாத அளவு சோர்வு. அன்று பிரபலமாக இருந்த நீர் சிகிச்சை நிலையங்களுக்குப் போனார். ஈரத் துணியில் சுற்றிப் படுக்க வைப்பார்கள், குளிர்ந்த நீரைத் தலையில் ஊற்றுவார்கள், நடக்க வைப்பார்கள். இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் தங்கியிருக்கிறார். அங்கே அவரைப் போலவே நூற்றுக்கணக்கான பெண்கள். ஆசிரியை இல்லையா, சும்மா இருப்பாரா? கேட்க ஆரம்பித்தார்.

கேட்ட விதம்தான் சுவாரசியம். சந்திக்கும் ஒவ்வொரு பெண்ணிடமும், உங்கள் ஊரில் உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த பத்துத் திருமணமான பெண்களை வரிசைப்படுத்துங்கள், ஒவ்வொருவரும் முழு ஆரோக்கியமா, சுமாரா, பலவீனமா, நோயாளியா என்று குறியுங்கள் என்பார். இப்படி நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஊர் ஊராகப் பட்டியல்கள் சேர்ந்தன. 1855இல் 'லெட்டர்ஸ் டு த பீப்பிள் ஆன் ஹெல்த் அண்ட் ஹாப்பினஸ்' நூலில் அவற்றை அச்சிட்டார். பல ஊர்களில் பத்துப் பேரில் ஒருவரோ இருவரோதான் ஆரோக்கியம். மீதி எல்லாம் தலைவலி, இடுப்பு வலி, காசம், கர்ப்பப்பைக் கோளாறு. தனக்கு நாடு முழுக்கத் தெரிந்த அத்தனை பெண்களிலும், அந்த நூற்றாண்டில் அமெரிக்காவில் பிறந்து முழு ஆரோக்கியத்தோடு இருக்கும் மணமான பெண்கள் பத்துப் பேரைக்கூடச் சொல்ல முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஸ்டாட்ஸ் படித்தவர்கள் உடனே கை தூக்குவீங்க. சாம்பிள் ரேண்டம் இல்லை, நோயாளி சொன்ன கணக்கு நோய்ப் பக்கம் சாயும், பயாஸ். எல்லாம் சரி. அவர் கேட்டதும் பெரும்பாலும் வெள்ளைக்கார நடுத்தரப் பெண்களிடம்தான். தெற்கே பருத்தி வயலில் அடிமையாக உழைத்த பெண்ணின் இடுப்பு வலி எந்தப் பட்டியலிலும் வரவில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்க. பெண்களின் நோய் என்பது தனித்தனி வீட்டின் மூடிய அறை ரகசியமாக இருந்த காலத்தில், அதை எண்ணிக்கையாக மாற்றி, இது ஒருத்தியின் விதி இல்லை, நாம் எல்லோரும் வாழும் முறையின் விளைவு என்று காட்டியவர் அவர்.

அடுத்த வருஷமே மருந்தும் வந்தது. 1856இல் 'ஃபிசியாலஜி அண்ட் கலிஸ்தெனிக்ஸ்'. முதல் பாதி உடற்கூறு, இரண்டாம் பாதி படங்களோடு பயிற்சிகள். பள்ளிக்கும் வீட்டுக்கும் பொருந்தும்படி எழுதியது. 1857இல் இறையியலும் வந்தது. ஜென்ம பாவம் என்ற கோட்பாட்டையே அதில் மறுத்தார். குழந்தை கெட்டதாகப் பிறக்கவில்லை, அறியாமையோடு பிறக்கிறது. விதிகளைச் சொல்லிக் கொடுத்து, பழக்கி வளர்ப்பதுதான் மீட்பின் வழி. அப்பா வாழ்நாள் முழுக்கப் பிரசங்கித்ததற்கு நேர் எதிர்! இந்த இரண்டு புத்தகங்களையும் பக்கத்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கேத்தரின் புரிவார். கை உயர்த்தி இறக்கும் பயிற்சியும், ஃபிஷர் நரகத்துக்குப் போயிருக்க முடியாது என்ற பிடிவாதமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பரவசம் வராதவர்களுக்கும் கடவுளுக்குக் கீழ்ப்படிய ஒரு வழி வேண்டும். நிமிர்ந்து நிற்பது, ஆழமாக மூச்சு விடுவது, தினமும் செய்வது. இது எல்லோராலும் முடியும்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. உடல்நல விதிகள் கடவுளின் விதிகள் என்றால், அவற்றை மீறுவது பாவம். கேத்தரின் அப்படித்தான் எழுதினார். அப்படியானால் நோய் வந்தவள்? அவளும் பாவியா? மனமாற்றம் வராததால் குற்றவாளி என்ற சுமையை இறக்கி வைத்தவர், உடம்பு சரியில்லாததால் குற்றவாளி என்ற இன்னொரு சுமையைத் தன்னையறியாமல் தூக்கி வைத்துவிட்டாரோ என்று தோன்றுகிறது. அந்தச் சுமையை அதிகம் சுமந்தவரும் அவர்தான். எல்லா விதிகளையும் எழுதியவர், எல்லாவற்றையும் கடைப்பிடிக்க முயன்றவர், கடைசிவரை நோயாளி. இன்றைய ரீல்களில் டிசிப்ளின் இல்லாதவங்களுக்கு விசுவாசமும் இல்லை என்ற மாதிரி யாராவது பேசும்போது எனக்கு இந்த அம்மாவின் சயாட்டிகாதான் ஞாபகம் வருகிறது.

எங்க டிபார்ட்மெண்ட் ஆட்களுக்காக ஒரு பகுதி. 1869இல் தங்கை ஹாரியட்டோடு சேர்ந்து 'தி அமெரிக்கன் வுமன்ஸ் ஹோம்' எழுதினார். தொடக்க அத்தியாயங்களில் ஒன்று கிறிஸ்தவ வீடு என்ற தலைப்பில். ஜெப அறைக்கு அலங்காரம் சொல்வார்கள் என்று திறந்தால், உள்ளே ஃப்ளோர் பிளான்! திறந்த கணப்பு அடுப்புகள் போய் மூடிய இரும்பு அடுப்புகள் வந்த காலம் அது. பழைய கணப்பு புகைபோக்கி வழியாக அறைக் காற்றை இழுத்து வெளியேற்றும். புதிய அடுப்பு அப்படிச் செய்யாது. குளிர் நாட்டில் ஜன்னலையும் அடைத்துவிட்டால், குடும்பம் முழுக்க ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் சுவாசிக்க வேண்டும். அதற்காக வீட்டின் நடுவில் புகைபோக்கியை வைத்து, அதன் சூட்டைக் கொண்டே கெட்ட காற்றை மேலே இழுத்து, நல்ல காற்றை உள்ளே கொண்டுவரும் குழாய் அமைப்பை வரைந்தார்கள். வெப்பக் காற்று மேலெழும் என்கிற ஸ்டாக் எஃபெக்ட்தான். சமையலறைக்கு அவர்கள் காட்டிய உதாரணம் நீராவிக் கப்பலின் சமையல் கட்டு. அங்கே இருநூறு பேருக்குச் சமைப்பவருக்கு எல்லாப் பொருளும் ஓரிரு அடி எடுத்து வைத்தால் கைக்கு எட்டும். நம் வீட்டில் மட்டும் ஏன் மாவு ஒரு மூலை, தண்ணீர் ஒரு மூலை, அடுப்பு இன்னொரு மூலை? தொட்டி, மாவுப் பெட்டி, பலகை எல்லாம் ஒரே வரிசையில். அடுப்பின் வெக்கை வராமல் தடுக்க நடுவில் கண்ணாடிச் சறுக்குக் கதவு. சக்கரம் வைத்து நகர்த்தும் அலமாரியால் ஒரே அறையை இரண்டாக்கும் யோசனையும் உண்டு. ஃபிரெடரிக் டெய்லர் தன் புகழ்பெற்ற மேனேஜ்மென்ட் நூலை வெளியிட்டது 1911இல். அதற்கு 40 வருஷத்துக்கு முன்பே ஒரு பெண்ணின் நடையை எண்ணிக் குறைத்திருக்கிறார்கள் இந்த அக்காவும் தங்கையும். அதையும் அவர்கள் பக்தி என்ற தலைப்பில்தான் வைத்தார்கள்.

முரண்கள் நிறைய. வீடு பற்றி நாட்டுக்கே பாடம் எடுத்தவருக்குச் சொந்த வீடு கிடையாது. சகோதர சகோதரிகளின் வீடுகளில் மாறி மாறித் தங்கினார். அதில் ஒரு நல்லதும் நடந்தது. ஹாரியட் தன் நாவலை எழுதிக்கொண்டிருந்தபோது மெய்ன் மாநிலத்தில் அவர் வீட்டுக்குப் போய்க் குடித்தனத்தைப் பார்த்துக்கொண்டவர் கேத்தரின்தான். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. ஆனால் பெண்ணின் இடம் குடும்பம் என்றார். 1837இல், அடிமை முறை தவறுதான், ஆனாலும் பெண்கள் அரசுக்கு மனுப் போடும் இயக்கத்தில் இறங்கக் கூடாது என்று எழுதினார். தெற்கின் அடிமை உடைமைக் குடும்பத்தில் பிறந்து அதை எதிர்த்து வெளியேறிய ஏஞ்சலினா கிரிம்கே பதில் கடிதங்களில் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். என் ஓட்டு கிரிம்கேவுக்குத்தான். ஓட்டு என்றதும் அடுத்த முரண். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று 1871இல் புத்தகமே போட்டார். அதே சமயம் அவருடைய சொந்தத் தங்கை, இரண்டாம் தாயின் மகள் இசபெல்லா, வாக்குரிமை இயக்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை எப்படி இருந்திருக்கும்!

மனதளவில் அவர் கிழவியாகவே ஆகவில்லை. 70 வயதில் தான் தொடங்கிய ஹார்ட்ஃபோர்டு பள்ளிக்குத் திரும்பி வந்து கொஞ்ச காலம் தலைமை ஏற்றார். கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஒரு பாடத்தில் உட்கார வேண்டும் என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. பெண்களைச் சேர்ப்பதில்லையே என்று தலைவர் தயங்க, ஆண்களோடு உட்கார்வதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, ஹாஸ்டலிலும் அங்கேயே தங்கிக்கொள்கிறேன், பையன்கள் எல்லாம் பேரன் வயதுதானே என்றாராம்.

1860களில் அவர் அப்பாவின் சபையை விட்டு எபிஸ்கோபல் சபையில் சேர்ந்திருந்தார். அங்கே மனமாற்ற அனுபவத்துக்குச் சாட்சி சொல்லச் சொல்வதில்லை. சின்ன வயதிலிருந்து வளர்த்துப் பழக்கினால் போதும்.

1877இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா ஊருக்குப் போய்த் தம்பி தாமஸ் வீட்டில் தங்கினார். அந்த ஊரில் நல்ல நீர் சிகிச்சை நிலையம் ஒன்று இருந்தது. இன்னும் குணமாகலாம் என்ற நம்பிக்கை அவரை விடவில்லை. 1878 மே 12ஆம் தேதி, 77 வயதில், பக்கவாதத்தில் இறந்தார். தாமஸும் போதகர்தான். ஆனால் அவர் அப்போதுதான் கட்டி முடித்திருந்த ஆலயத்தில் நூலகம் இருந்தது, சமையலறை இருந்தது, பில்லியர்ட்ஸ் மேசை இருந்தது. குழந்தைகள் குதித்துக் கும்மாளம் போடுவதற்கென்றே ஒரு அறையும் இருந்தது.